ஐந்தாவது வேகப்பந்து வீச்சாளர் யார்?

2023 ஓகஸ்ட் 31 அன்று பல்லேகல மைதானத்தில், ஆசியக் கிண்ணத்தில் தனது முதல் ஆட்டத்தை இலங்கை ஐந்து விக்கெட்டுகளால் வென்றது. பங்களாதேஷ் 164 ஓட்டங்களுக்குள் அடங்கியது. கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் மதீஷ பத்திரன, சொந்த ஊர் மக்கள் முன்னால் 32 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்து ஆட்ட நாயகனானார். அன்று ஆடாதவர்களின் பெயர்களையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வெற்றியின் முழுக் கணக்கு விளங்கும். வனிந்து ஹசரங்க, துஷ்மந்த சமீர, லஹிரு குமார, டில்ஷான் மதுஷங்க. நால்வரும் பந்துவீச்சாளர்கள், நால்வரும் உபாதையில். ஹசரங்க அடிபட்டது கண்டி அணிக்குத் தலைமை தாங்கிய லங்கா பிரீமியர் லீக் தொடரில். அந்தத் தொடரில் அதிக ஓட்டமும் அதிக விக்கெட்டும் அவருடையவைதாம். ஓகஸ்ட் 20 இறுதிப் போட்டியை அவர் இல்லாமலே கண்டி வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு வெற்றிகள். இரண்டிலும் முக்கியமான பந்துவீச்சாளர்கள் களத்தில் இல்லை. வெற்றி வந்துவிட்டதால் அந்த இன்மையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கான விலை இரண்டு மாதங்களுக்குள் தெரிந்தது. செப்டெம்பர் 17 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் மஹீஷ் தீக்ஷனவும் தொடைத்தசை உபாதையால் ஆடவில்லை. இலங்கை 50 ஓட்டங்களுக்குள் சுருண்டது. அது துடுப்பாட்டத்தின் வீழ்ச்சி என்பது உண்மை. அடுத்த மாதம் இந்தியாவில் நடந்த உலகக் கிண்ணத்தில் நேர்ந்ததையோ அப்படித் தள்ளிவிட முடியாது. 15 பேர் கொண்ட குழாமில் முழுநேர வேகப்பந்து வீச்சாளர்கள் நால்வர்: பத்திரன, குமார, மதுஷங்க, கசுன் ராஜித. முதல் ஆட்டத்தில் தென்னாபிரிக்கா ஐந்து விக்கெட்டுகளை இழந்து 428 ஓட்டங்கள் குவித்தது. மூன்று நாள் கழித்து ஹைதராபாத்தில் இலங்கை 344 ஓட்டங்கள் எடுத்தது. குசல் மெண்டிஸும் சதீர சமரவிக்ரமவும் சதமடித்தார்கள். உலகக் கிண்ண வரலாற்றிலேயே மிகப் பெரிய விரட்டலாக அதைப் பாகிஸ்தான் துரத்திப் பிடித்தது. பத்திரன முதல் ஆட்டத்தில் 10 ஓவர்களில் 95, அடுத்ததில் 9 ஓவர்களில் 90 ஓட்டங்கள் கொடுத்தார். பிறகு தோள்பட்டை உபாதை, உலகக் கிண்ணம் அவருக்கு முடிந்தது. ஒக்டோபர் 26 அன்று பெங்களூரில் இங்கிலாந்தை வீழ்த்தி ஆட்ட நாயகனான லஹிரு குமார, அடுத்த ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் தொடைத்தசை பிடித்து விலகினார். அவரும் திரித்துவக் கல்லூரி மாணவர். ஒரே ஊரின், ஒரே கல்லூரியின் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களை ஒரே மாதத்தில் நாடு இழந்தது.

அவர்களுடைய இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் கவலை இருக்கிறது. முழுநேர வேகப்பந்து வீச்சாளரான பத்திரனவின் இடத்துக்கு 36 வயதுச் சகலதுறை வீரர் அஞ்சலோ மத்யூஸ். குமாரவின் இடத்துக்கு, உபாதையிலிருந்து அப்போதுதான் மீண்டுகொண்டிருந்த சமீர. மத்யூஸ் வந்த முதல் ஆட்டத்திலேயே இங்கிலாந்தின் இரண்டு விக்கெட்டுகளை எடுத்தார். அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் ஐந்தாவது வேகப்பந்து வீச்சாளர் என்று ஒருவரை நாடு தயாராக வைத்திருக்கவில்லை. மதுஷங்க தனியாளாக 21 விக்கெட்டுகளை எடுத்தும், இலங்கை ஒன்பது ஆட்டங்களில் ஏழில் தோற்று ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. முதல் எட்டு இடங்களுக்குள் வராததால் 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்துக்கும் கதவு மூடியது.

ஒரு குழாமைத் தெரிவு செய்யும்போது எத்தனை பந்துவீச்சாளர், எத்தனை மேலதிகத் துடுப்பாட்ட வீரர் என்ற கேள்வி எழாத விளையாட்டுக் குறைவு. அமெரிக்கப் பேஸ்போலில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய லீக் அணியொன்றில் 26 பேர். அதில் பந்து எறிபவர்கள் 13 பேருக்கு மேல் கூடாது என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள விதி. அணிகள் எறிபவர்களைக் கூட்டிக்கொண்டே போனதைத் தடுக்க வந்த கட்டுப்பாடு அது. அங்கே அணிகள் பந்தெறிபவர்களை அளவுக்கு மிஞ்சி வைத்துக்கொண்டு தவறு செய்தன. இங்கே நாம் எதிர்ப்பக்கம் சரிகிறோம். சந்தேகம் வந்தால் இன்னொரு துடுப்பாட்ட வீரர், அல்லது இரண்டிலும் பாதி தெரிந்த ஒருவர்.

இன்னொரு வித்தியாசம் இதைவிடக் கடுமையானது. பேஸ்போலில் எறிபவர் களைத்தால் நடு ஆட்டத்தில் வேறொருவர் வந்து எறியலாம். சர்வதேசக் கிரிக்கெட்டில் மாற்று வீரர் களத்தடுப்பில் ஈடுபடலாம். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வந்தவர் தவிர வேறு எவரும் பந்து வீச முடியாது. முதல் நாளில் ஒரு பந்துவீச்சாளர் விழுந்தால் அவருடைய ஓவர்களெல்லாம் மிஞ்சியவர்களின் முதுகில் ஏறும். கண்டிக்கு இது புதிதல்ல. 1999 செப்டெம்பரில் அஸ்கிரிய மைதானத்தில் மஹேல ஜயவர்தன அடித்த பந்தைப் பிடிக்க ஓடிய ஸ்டீவ் வோவும் ஜேசன் கிலெஸ்பியும் மோதிக்கொண்டார்கள். ஒருவருக்கு மூக்கு உடைந்தது, மற்றவருக்குக் கால் முறிந்தது. அணித்தலைவர் ஒருவர், வேகப்பந்து வீச்சாளர் ஒருவர். டெஸ்ட் போட்டியில் அவுஸ்திரேலியாவை இலங்கை முதன்முதலாக வென்றது அந்த ஆட்டத்தில்தான். நமது வீரர்கள் நன்றாக ஆடினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு பந்துவீச்சாளர் குறைந்த அணியின் நிலை என்ன என்பதை நம் ஊர் மைதானத்திலேயே எதிரணியிடம் பார்த்தோம்.

நம் அணியிலும் பார்த்திருக்கிறோம். 2016 ஜூலையில் பல்லேகலயில் அவுஸ்திரேலியாவை 106 ஓட்டங்களால் வென்ற டெஸ்டைக் கண்டி மக்கள் குசல் மெண்டிஸின் 176க்காக நினைவு வைத்திருக்கிறார்கள். ரங்கன ஹேரத் ஒன்பது விக்கெட், அறிமுக ஆட்டத்தில் லக்ஷான் சந்தகன் ஏழு விக்கெட். அந்த அணியில் முழுநேர வேகப்பந்து வீச்சாளர் நுவன் பிரதீப் ஒருவர் மட்டுமே. தம்மிக்க பிரசாத் தோள்பட்டை உபாதையில், சமீர முதுகெலும்பு அழுத்த முறிவில். இருந்த ஒருவரான பிரதீப்பும் அந்த ஆட்டத்தில் தொடைத்தசையைப் பிடித்துக்கொண்டார். காலியில் நடந்த அடுத்த டெஸ்டில் விஷ்வ பெர்னாண்டோ அறிமுகமானார். தொடரை 3-0 என்று வென்றோம். சுழல்பந்து காப்பாற்றியது. வேகப்பந்து வரிசை வெறுமையாக இருந்ததை அந்த 3-0 மூடிவிட்டது.

மூட முடியாத இடம் செஞ்சூரியன். 2020 டிசெம்பர் 16 அன்று லங்கா பிரீமியர் லீக் முடிந்தது. பத்தே நாளில், டிசெம்பர் 26 அன்று, தென்னாபிரிக்காவில் டெஸ்ட். லீக்கில் ஒரு பந்துவீச்சாளருக்கு ஆட்டமொன்றில் நான்கு ஓவர்தான். கொரோனாவால் அந்த ஆண்டின் பெரும்பகுதி முதல்தரக் கிரிக்கெட்டே இல்லை. இலங்கை முதல் இன்னிங்ஸில் 396 எடுத்தது, தென்னாபிரிக்க மண்ணில் நல்ல எண்ணிக்கை. பிறகு பந்து வீச வந்தபோது கசுன் ராஜித மூன்றாவது ஓவரிலேயே தொடை இடுக்குத் தசை பிடித்து வெளியேறினார். லஹிரு குமாரவும் இன்னிங்ஸ் முடியுமுன் வெளியேறினார். துடுப்பெடுத்தாடும்போதே தனஞ்சய டி சில்வாவின் தொடை பிடித்திருந்தது; அவரும் பந்து வீச இல்லை. தென்னாபிரிக்கா 621. இலங்கை இன்னிங்ஸாலும் 45 ஓட்டங்களாலும் தோற்றது. உபாதை எதற்கும் ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வேகப்பந்து வீச்சாளர்களை ஆராய்ந்தவர்கள் பலர் ஒரு விடயத்தைச் சொல்கிறார்கள்: பல வாரம் குறைவாக வீசிய உடல் திடீரென்று இரண்டு மூன்று மடங்கு வீச நேர்ந்தால், உபாதை வாய்ப்புச் சட்டென்று ஏறுகிறது. அதிகம் வீசுவது எவ்வளவு ஆபத்தோ, குறைவாக வீசிவிட்டு ஒரேயடியாக அதிகம் வீசுவதும் அவ்வளவு ஆபத்து.

ஆகவே குழாமில் ஒரு பெயர் இருப்பதாலேயே அது பந்துவீச்சு ஆழமாகிவிடாது. கடந்த நான்கு வாரங்களில் போதிய ஓவர்களை ஒழுங்காக வீசி, நாளை அழைத்தாலும் 20 ஓவர் வீசக்கூடிய உடலோடு நிற்கிற ஆள்தான் ஆழம். மற்றவை தெரிவுக்குழுவின் காகிதத்தில் மட்டும் இருப்பவை.

2011 ஏப்ரல் 2, வாங்கடே மைதானம், உலகக் கிண்ண இறுதிப் போட்டி. கண்டியின் இரு பெரிய பிள்ளைகள் அன்று ஒரே அணியில் நின்றார்கள்: திரித்துவக் கல்லூரியின் குமார் சங்கக்கார அணித்தலைவர், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் முத்தையா முரளிதரன் தன் கடைசிச் சர்வதேச ஆட்டத்தில். அரையிறுதியில் அஞ்சலோ மத்யூஸின் தொடைத்தசை கிழிந்தது. ஒரு சகலதுறை வீரர் போனதும் அணியின் கட்டுமானமே மாறியது: அரையிறுதியில் ஆடிய நால்வரை மாற்றினார்கள். ஹேரத்தும் அஜந்த மெண்டிஸும் வெளியே; மத்யூஸுக்குப் பதிலாகக் குழாமுக்கு அழைக்கப்பட்ட சுராஜ் ரன்தீவ் நேராக உலகக் கிண்ண இறுதிப் போட்டியில். முரளியின் உடலும் அன்று முழுத் தகுதியில் இல்லை. முரளி 8 ஓவர், விக்கெட் இல்லை. ரன்தீவ் 9 ஓவர், விக்கெட் இல்லை. நுவன் குலசேகர 8.2 ஓவரில் 64, விக்கெட் இல்லை. 274 ஓட்டங்களை இந்தியா 10 பந்து மீதமிருக்கக் கடந்தது. மத்யூஸ் இருந்திருந்தால் முதலில் துடுப்பெடுத்தாடாமல் விரட்டலைத் தேர்ந்திருப்போம் என்ற பொருளில் சங்கக்கார பின்னாளில் பேசியிருக்கிறார். ஒரே ஆளின் தொடைத்தசை நாணயச் சுழற்சி முடிவையும் மாற்றியது என்றால், அந்த அணி ஒரே ஆணியில் தொங்கியிருக்கிறது.

ஒருவரை நம்பும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால், கண்டியின் மிகப் பெரிய பெருமையிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முரளி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 113.5 ஓவர்கள் வீசி 16 விக்கெட் எடுத்தார். 2002 ஜனவரியில் அஸ்கிரியவில் சிம்பாப்வேயின் முதல் ஒன்பது விக்கெட்டுகளையும் 51 ஓட்டங்களுக்குக் கைப்பற்றினார். பத்தாவதைச் சமிந்த வாஸ் எடுத்தார். 133 டெஸ்டுகள், 44,039 பந்துகள், 800 விக்கெட்டுகள். உலகம் இன்னொரு முறை காணாத சாதனை. ஆனால் அவர் சுழல்பந்து வீச்சாளர். பள்ளியில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்த சிறுவனைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ 14 வயதில் சுழலுக்குத் திருப்பிவிட்டார். அந்தத் திருப்பம் இல்லாமல், அதே சிறுவன் அத்தனை பந்துகளையும் வேகமாக வீசியிருந்தால் எந்த முதுகெலும்பும் தாங்கியிராது. முரளியின் தோளில் சாத்தியமானதை வேகப்பந்து வீசும் 17 வயதுப் பையனின் முதுகில் எதிர்பார்க்கும் மனப்பாங்கு பள்ளி மைதானங்களில் இன்னும் இருக்கிறது. நான் அஞ்சுவது அதற்குத்தான்.

வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையின் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்கி முதுகுக்கு ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு வளைந்து முறுகுகிறது. கீழ் முதுகெலும்பின் பின்பகுதியில், பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், மயிரிழை போல முறிவு தொடங்கும். அந்த எலும்பு முழு வலிமை பெறுவது இருபதுகளில். முறிவு வந்தபின் ஓய்வு மாதக்கணக்கில் ஆகும். முதல் அறிகுறி, முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் மெல்லிய வலி. பெரிய போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எந்தப் பையனும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். அவன் சொல்லாவிட்டாலும் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும்.

இங்கிலாந்து கிரிக்கெட் சபை இதற்காகப் பல ஆண்டுகளாக எல்லை வகுத்து வைத்திருந்தது. வேகம் வீசும் 13 வயதுக்குட்பட்டவர் தொடர்ச்சியாக ஐந்து ஓவர், நாளுக்கு 10. 15 வயதுக்குட்பட்டவர் ஆறு ஓவர், நாளுக்கு 12. 19 வயதுக்குட்பட்டவர் ஏழு ஓவர், நாளுக்கு 18. பயிற்சியில் வீசும் பந்துகளுக்கும் தனி எல்லை இருந்தது. அமெரிக்கச் சிறுவர் பேஸ்போலில் 11, 12 வயதினர் நாளுக்கு 85 பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது. 66 பந்துகளை எட்டினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். பள்ளிப் பெருமையில் நமக்குச் சளைக்காத ஜப்பானையும் பாருங்கள். 2018 கோடைக்காலத்தில் கோஷியன் பாடசாலைப் பேஸ்போல் போட்டியில் யொஷிதா கோசேய் என்ற மாணவர் தன் பள்ளியை இறுதிவரை இழுத்துச் சென்றார். அதற்காக அவர் எறிந்த பந்துகள் 881. நாடே வியந்தது, பிறகு நாடே கலங்கியது. 2020இல் வாரத்துக்கு 500 பந்து என்ற எல்லையை ஜப்பானிய உயர்பள்ளிச் சம்மேளனம் கொண்டுவந்தது. அந்த எல்லையே தாராளம் என்று வாதிடுகிறவர்கள் அங்கே உண்டு. எல்லை என்று ஒன்று இருப்பதால்தான் அந்த வாதமாவது நடக்கிறது.

கண்டியில் தர்மராஜ, கிங்ஸ்வூட் கல்லூரிகள் 1893 முதலும், திரித்துவ, புனித அந்தோனியார் கல்லூரிகள் 1914 முதலும் மோதி வருகின்றன. நூறாண்டு கடந்த இந்தப் போட்டிகளின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. சங்கக்காரவையும் முரளியையும் தந்தது அந்தப் பெருமைதான். ஆனால் இரண்டு நாள் ஆட்டத்தில் எதிரணியின் கடைசி இணைப்பாட்டம் உடையாமல் நிற்கும்போது, அணித்தலைவன் பந்தை யாரிடம் கொடுப்பான்? வேகமாக வீசுகிற அந்த ஒருவனிடம். அவன் அதே வாரம் வயதுப் பிரிவு அணிக்கும் ஆடியிருப்பான், வலைப் பயிற்சியில் துடுப்பாட்ட வீரர்களுக்காக மணிக்கணக்கில் வீசியிருப்பான். அந்தப் பந்துகள் எந்த ஓட்டப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. பள்ளிப் பயிற்றுநர் ஒருவர், மாவட்டப் பயிற்றுநர் இன்னொருவர், கழகப் பயிற்றுநர் வேறொருவர். மூவரும் தங்கள் பங்கை மட்டும் எண்ணுகிறார்கள். மொத்தத்தை எண்ணுபவர் எவருமில்லை.

பள்ளி அணியின் தெரிவிலும் தேசிய அணியின் அதே சாய்வுதான். நான்காவது வேகப்பந்து வீச்சாளனாக ஒரு பதினைந்து வயதுப் பையனைச் சேர்த்துப் பழக்குவதற்குப் பதில், ஏழாம் இலக்கத்தில் கொஞ்சம் ஓட்டம் எடுக்கக்கூடிய ஒருவனைச் சேர்க்கிறார்கள். உடனடி ஆட்டத்துக்கு அது பாதுகாப்பு. பருவத்தின் இறுதியில் முதன்மைப் பந்துவீச்சாளனின் முதுகு அதற்குப் பணம் கட்டுகிறது. கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளைப் பக்கங்களில் மென்பந்துக் கிரிக்கெட்டில் வேகமாக வீசும் இளைஞர்களுக்குக் கடினபந்து ஆடுகளம் கிட்டுவதே அரிது. தோட்டப் பாடசாலைகளில் இன்னும் அரிது. லசித் மாலிங்க தென் கரையில் மென்பந்து வீசி வளர்ந்தவர். சம்பக்க ராமநாயக்கவின் கண்ணில் பட்டதால் வெளிச்சத்துக்கு வந்தார். மலையகத்தில் அப்படித் தேடிப்போகும் கண்கள் வேண்டும்.

சுழல்பந்தில் நிலைமை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை இறுதியில் இந்தியாவுக்கு எதிராகப் பல்லேகலயில் மூன்று இருபதுக்கு 20 ஆட்டங்கள் நடந்தன. அந்த நாட்களைச் சுற்றி நோயாலும் உபாதையாலும் சமீர, நுவன் துஷார, பினுர பெர்னாண்டோ, பத்திரன, மதுஷங்க என ஐந்து வேகப்பந்து வீச்சாளர்கள் விலகினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கடைசி இரண்டு ஓவர்களில் இலங்கைக்கு ஒன்பது ஓட்டங்கள் வேண்டியிருக்க, இந்தியா பந்தைத் துடுப்பாட்ட வீரர்களான ரிங்கு சிங்கிடமும் சூர்யகுமார் யாதவிடமும் கொடுத்தது. இருவரும் ஆளுக்கு இரண்டு விக்கெட் எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தார்கள்; சுப்பர் ஓவரில் இந்தியா வென்றது. துடுப்பாட்ட வீரர் சில பந்துகள் வீசக் கற்றிருப்பதன் பெறுமதியை நம் மண்ணிலேயே நமக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். அடுத்து கொழும்பில் ஒருநாள் தொடர். முதல் ஆட்டத்தோடு ஹசரங்க தொடைத்தசை உபாதையால் விலக, அவர் இடத்துக்கு வந்த ஜெஃப்ரி வண்டர்சே 33 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். மூன்றாவது ஆட்டத்தில் துனித் வெல்லாலகே ஐந்து. 1997க்குப் பிறகு முதன்முதலாக இந்தியாவிடம் ஒருநாள் தொடரை வென்றோம். ஒருவர் விழுந்தால் எழுந்து நிற்க இன்னொருவர் இருந்தார். ஆழம் என்பது இதுதான், நம்மால் அதை உருவாக்க முடியும் என்பதற்கும் இதுவே சான்று. ஆனால் அது சுழலுக்குச் சாதகமான கொழும்பு ஆடுகளம்.

2027 ஒக்டோபர், நவம்பரில் ஒருநாள் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, நமீபியா நாடுகளில் நடக்கிறது. பந்து எழும்பும் ஆடுகளங்கள். சுழலை மட்டும் நம்பிப் போக முடியாத இடங்கள். நடத்தும் நாடுகளான தென்னாபிரிக்காவும் சிம்பாப்வேயும் தவிர, 2027 மார்ச் 31 தரவரிசையில் முதல் எட்டு இடங்களில் இருக்கும் அணிகளுக்கே நேரடி வாய்ப்பு. அங்கே நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை அனுப்பினால், 2023 அனுபவத்தின்படி இருவரை வழியில் இழப்போம் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் குழாம் அறிவிக்கும் வாரத்தில் முளைப்பதில்லை. அதற்கு முந்திய இரு பருவங்களில் நான்கு நாள் ஆட்டங்களில் வீசிப் பழகியிருக்க வேண்டும். கண்டிக் கல்லூரிகளும் மாவட்டச் சங்கமும் கொழும்பின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 13 வயதுப் பிரிவு முதல் வேகம் வீசும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பதிவேடு. ஆட்டத்தில் வீசிய பந்து, வலைப் பயிற்சியில் வீசிய பந்து, வலி உண்டா இல்லையா என்ற ஒரு வரி, எல்லாம் அதில் ஏறட்டும். பொறுப்பாசிரியர் வாரந்தோறும் கையொப்பமிடட்டும். மாணவன் கழகத்துக்கோ மாகாண அணிக்கோ போகும்போது அந்தப் பதிவேடும் அவனோடு போகட்டும். எல்லையைத் தாண்டியவனைப் பெரிய போட்டியானாலும் அணித்தலைவன் அழைக்க முடியாது என்று கல்லூரி அதிபரே எழுதிக் கொடுக்கட்டும்.